அம்மாவோட முட்டியும் அம்மாவோட மறதியும்

எங்கம்மாவுக்கு இப்போ 79 வயசு. 14 வயசுல பால் சுமக்கிற காண்டா வாளியத் தூக்குனவங்க, 56 வயசு வரைக்கும் பால்மரம் வெட்டுனாங்க, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையச் சீவி பால் எடுக்கிற வேலை. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டம், இப்ப அந்தத் தோட்டமே இல்ல, பாதியில வீடு கட்டி வித்துட்டாங்க மீதி செம்பனை. நாங்க டவுனுக்கு வந்து தாமான்ல (வீடமைப்புப் பகுதி) டெரஸ் வீட்டுல குடியிருக்க ஆரம்பிச்சு 20 வருசத்துக்கு மேல ஆச்சு, ஆனா மூணு வருசமா அம்மா மட்டும் மனசால மறுபடியும் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே போயிட்டாங்க. அல்சைமர்னு டாக்டர் சொன்னாரு. நடுவுல இருந்த 20 வருசம் அவங்களுக்கு இல்ல. என்னைய அக்கான்னு கூப்பிடுவாங்க, அவங்களோட அக்கா இறந்து ரொம்ப வருசம் ஆகுது.

தினமும் விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்குவாங்க. "பெரட்டுக்கு நேரமாச்சு, உளி எங்க, தலை லைட்டு எங்க"ன்னு ஒரே தேடல். பெரட்டுன்னா வேலைக்கு முன்னாடி ஆளுங்களக் கூட்டிப் பேர் கூப்பிடுறது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெட்டுனாத்தான் பால் நல்லா ஓடும், அதனால தோட்டத்துல எல்லாருக்குமே நாலு மணி கணக்குதான், அது 42 வருசம் உடம்புல ஏறுன பழக்கம். நான் நெனச்சேன் இதெல்லாம் மறதி நோய் பண்ற வேலைன்னு. வாசக்கதவு நிலைக்கிட்ட போயி நின்னு குனிஞ்சு வலது கையால சாய்வா ஒரு கோடு இழுப்பாங்க பாருங்க, பட்டைய சீவுற அதே இழுப்பு, அதே சாய்மானம், என் பேரு மறந்துபோன கைக்கு அது மறக்கல. டாக்டர்கிட்ட கேட்டதுக்கு, புதுசா நடந்தத பதிஞ்சு வைக்கிற இடத்த இந்த நோய் முதல்ல தாக்குது, கை பழகின வேலைய வச்சிருக்கிறது மூளையில வேற இடம், அது ரொம்ப நாள் தாங்கும்னு சொன்னாரு. அதக் கேட்டப்ப எனக்கு ஒரு மாதிரி ஆறுதலா இருந்துச்சு.

ஆனா குனிஞ்சவங்க நிமிரும்போது கத்துவாங்க. ஏன் கத்துறாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல, இப்ப எழுதும்போதும் அது நெஞ்சுல குத்துது.

குளிக்க வைக்கிறதுதான் பெரிய போராட்டம். பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு தண்ணி ஊத்துற வரைக்கும் நல்லாத்தான் இருப்பாங்க, எந்திரிக்க வைக்க அக்குள்ல கைய குடுத்தேன்னா போச்சு, அடிப்பாங்க, கடிப்பாங்க, தோட்டத்துல யாரையும் பேசக் கேட்காத வார்த்தையெல்லாம் வரும். ஒரு தடவ என் கன்னத்துல விட்ட அறையில கம்மல் கழண்டு தண்ணி போற ஓட்டையில விழுந்துருச்சு. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து "முத்திப்போச்சு பாப்பா, இனிமே இப்படித்தான், நீதான் மனசத் தேத்திக்கணும்"னாங்க. கிளினிக்லயும் அதேதான் சொன்னாங்க, முத்திப்போச்சு. தூங்குறதுக்கும் கோபம் அடங்குறதுக்கும் ஒரு மாத்திரை குடுத்தாங்க. உண்மையச் சொல்லணும்னா நான்தான் கேட்டு வாங்குனேன், ரெண்டு வாரம் தூங்காம ஃபாக்டரிக்கு வேலைக்குப் போயிட்டு இருந்தேன், வேற வழி தெரியல.

மாத்திரை போட்டதும் அம்மா அமைதியாயிட்டாங்க. அமைதின்னா எப்படி, வாயில சோறு வச்சா அப்படியே வச்சிட்டு உக்காந்திருக்கிற அமைதி. பத்தாவது நாள் சாயங்காலம் பாத்ரூம் வாசல்ல கால் தடுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு உடையல, முழங்கை மட்டும் கிழிஞ்சு ஆறு தையல். மனநோய்க்குக் குடுக்கிற இந்த வகை மாத்திரைங்க (ஆன்டிசைக்கோட்டிக்) மறதி நோய் உள்ள வயசானவங்களுக்கு குடுத்தா சாவுற ஆபத்து கூடுதுன்னு அமெரிக்காவுல 2005லேயே மருந்தோட குறிப்புத்தாள்ல கட்டம் கட்டி எச்சரிக்கை போட வச்சிருக்காங்கன்னு பின்னாடி படிச்சப்பதான் எனக்குத் தெரியும். சில பேருக்கு அது தேவைப்படுது, டாக்டர்மாரு யோசிச்சுத்தான் குடுக்கிறாங்க, நான் குறை சொல்லல. எனக்கு வருத்தம் என்னன்னா, அம்மா ஏன் அடிக்கிறாங்கன்னு எங்கள்ல ஒருத்தரும் கேட்கல. நானும்தான்.

விழுந்ததுக்கு அப்புறம் நடை சரி பண்ண பிசியோவுக்கு எழுதிக் குடுத்தாங்க. அங்க ஒரு சின்னப் பொண்ணு, நம்ம தமிழ்ப் பிள்ளை, இருபத்தஞ்சு வயசு கூட இருக்காது. அம்மாவ படுக்க வச்சு, "பாட்டி, கால மெதுவா மடக்குறேன் ஆ"ன்னு சொல்லிட்டு ஒரு கைய முட்டி மேல வச்சுக்கிட்டு இன்னொரு கையால குதிகால நகத்துனா. அவ கால பாக்கவே இல்ல, அம்மா மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. "வலிக்குதா பாட்டி?" "இல்லையே." மறுபடியும் கொஞ்சம் மடக்குறா. "இப்ப?" "இல்லம்மா, நீ நல்லாருக்கணும்." அப்படிச் சொல்லும்போதே அம்மாவோட புருவம் ரெண்டும் சேருது, மேல் உதடு தூக்குது, கட்டில் விரிப்ப இடது கை கெட்டியா பிடிச்சிருக்கு. அந்தப் பொண்ணு என்னைய கூப்பிட்டு, "அக்கா உங்க கைய இங்க வைங்க"ன்னு என் உள்ளங்கைய அம்மா முட்டி மேல வச்சு திரும்ப மடக்குனா. உள்ள நெறநெறன்னு, காய்ஞ்ச மணல மிதிச்ச மாதிரி ஒரு அரைப்பு. என் கைக்கு அது தெரிஞ்சப்போ என்னால அங்க நிக்க முடியல.

எக்ஸ்ரேயில ரெண்டு முட்டியிலயும் உள்பக்கம் இடைவெளியே இல்ல, எலும்பும் எலும்பும் ஒட்டி உரசுது. மூட்டுத் தேய்மானம், அதுவும் பழசு. இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமே இல்லன்னு இப்ப புரியுது. குத்துக்கால் போட்டு, மண்டி போட்டு, குனிஞ்சு நிமிர்ந்து, பாரம் தூக்கி வேலை செய்றவங்களுக்கு முட்டித் தேய்மானம் கூடுதலா வருதுன்னு எத்தனையோ நாட்டுல ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டாங்க. அம்மா ஒரு நாளைக்கு 500 மரத்துக்கிட்ட வெட்டுவாங்க. வெட்டு வெட்ட பட்டை கீழ எறங்கிக்கிட்டே போகும், தரைக்குக் கிட்ட வந்துட்டா ஒவ்வொரு மரத்துக்கும் முட்டிய மடக்கித்தான் ஆகணும். அப்புறம் மரத்துல மாட்டியிருக்கிற மங்குல (கிண்ணத்துல) இருக்கிற பாலக் கொட்டி வாளியில சேத்து, ரெண்டு பக்கமும் வாளி தொங்குற காண்டாவ தோள்ல வச்சு மேட்டுலயும் பள்ளத்துலயும் ஸ்டோர் வரைக்கும் நடை. மறுநாள் அடுத்த நிரை, அதாவது அடுத்த மர வரிசை. இதுல வலிக்குதுன்னு யாருகிட்ட சொல்றது? சொன்னா அன்னிக்கிக் கூலி போயிரும். எங்கம்மா வாயில இருந்து வலின்னு ஒரு வார்த்தை நான் சின்ன வயசுல கேட்டதில்ல, கோடாலித் தைல வாசனைதான் கேட்டிருக்கேன், ராத்திரி பாயில படுத்தா அம்மா பக்கம் இருந்து அந்த வாசனை வரும். நல்லா இருந்த காலத்துலயே சொல்லாதவங்க மறதி வந்த பிறகா சொல்லப் போறாங்க.

அன்னைக்கு ராத்திரியில இருந்து நான் படிக்க ஆரம்பிச்சேன். நான் டாக்டர் இல்ல, ஃபாக்டரியில கிளார்க். புரியாததெல்லாம் ரெண்டு மூணு தடவ படிச்சு, அந்த பிசியோ பொண்ணுகிட்ட வாட்சப்ல கேட்டு கேட்டு தெரிஞ்சுக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன்.

ரொம்ப காலமா ஒரு நம்பிக்கை இருந்திருக்கு, மறதி நோய் வந்தவங்களுக்கு வலி அவ்வளவா தெரியாதுன்னு. மூளை தேயுது, அதோட வலியும் தேயுமாம். 2006ல ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன்ல இத நேரா சோதிச்சுப் பாத்தாங்க. அல்சைமர் உள்ள 14 பேரு, அதே வயசுல நோய் இல்லாத 15 பேரு, எல்லாரையும் ஸ்கேன் மெசினுக்குள்ள படுக்க வச்சு கட்டை விரல அழுத்தி, மூளையில வலிய வாங்குற இடங்கள் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்திருக்காங்க. நோய் உள்ளவங்களோட மூளையில அந்த வேலை கொஞ்சமும் குறையல. வலி அப்படியேதான் இருக்கு, அத இன்ன இடம், இன்ன மாதிரின்னு எடுத்துச் சொல்ற வழிதான் அடைஞ்சு போகுது. அம்மா "இல்லையே"ன்னு சொன்னது பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல, அந்தக் கேள்விக்கு பதில் எடுத்து வர்ற பாதை அவங்களுக்கு இல்ல, அவ்வளவுதான்.

இன்னொண்ணு படிச்சு அழுதேன். நியூயார்க்ல இடுப்பெலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில சேந்த வயசானவங்கள வச்சு செஞ்ச ஆய்வு, 2000ல வந்தது. முத்தின மறதி நோய் உள்ளவங்களுக்கு, நினைவு நல்லா இருக்கிறவங்களுக்குக் குடுத்த மார்பின் வகை வலி மருந்துல மூணுல ஒரு பங்குதான் குடுத்திருக்காங்க. எலும்பு அதேதான் உடைஞ்சிருக்கு. கேட்டு வாங்க வாயில்லாததால கிடைக்கல. இடுப்பு உடைஞ்சவங்களுக்கே இந்த கதின்னா 40 வருசத்து முட்டி வலிய யாரு பாக்கப் போறாங்க.

என் வீட்டையே மாத்துன ஆய்வு நார்வேயோடது. பெட்டினா ஹூசபோன்னு ஒரு டாக்டரம்மாவும் அவங்க கூட்டமும் 2011ல வெளியிட்டது. 18 முதியோர் இல்லம், 352 பேரு, எல்லாருமே நடுத்தரம் இல்லன்னா முத்தின மறதி நோயோட கத்துறது, அடிக்கிறது, ஓயாம அலையுறதுன்னு இருந்தவங்க. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு, மறுபாதிக்கு எட்டு வாரம் படிப்படியா வலிக்கு மருந்து, அதுல முதல் படி என்னன்னா பாராசிட்டமால், நம்ம பனடோல் இருக்கே அதுதான், ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல போகாம நேரம் தவறாம குடுக்கிறது. பெரும்பாலான பேருக்கு அந்த முதல் படியே போதுமா இருந்துச்சு. எட்டு வாரத்துல அந்த அலைக்கழிப்பு சராசரியா 17 சதவீதம் குறைஞ்சிருக்கு. மருந்த நிறுத்திட்டு நாலு வாரம் கழிச்சுப் பாத்தா திரும்ப ஏறியிருக்கு. 17 சதவீதம் சின்ன எண்ணாத் தெரியலாம். என் கன்னத்துல விழுந்த அறைய நெனச்சுப் பாக்கிறேன், அந்த எண்ணு எனக்குச் சின்னதா தெரியல.

இத எங்க அண்ணன்கிட்ட சொன்னப்ப அவருக்கு நம்பிக்கை வரல. அண்ணன் கோலாலம்பூர்ல இருக்காரு, பாசமானவரு, ஆனா தூரத்துல இருக்கிறவங்களுக்கு பெரிய வைத்தியம்தான் வைத்தியமாத் தெரியும். அவரு விடாம அனுப்பிக்கிட்டே இருந்தது அல்சைமருக்குப் போடுற லெக்கானமாப்ங்கிற ஊசி பத்தின செய்தி. அதையும் உக்காந்து படிச்சேன். மூளையில அமிலாய்டுன்னு ஒரு புரதம் படியுது, 1906ல ஜெர்மனியில அலோய்ஸ் அல்சைமர் டாக்டர் ஒரு அம்மாவோட மூளைய வெட்டி மைக்ராஸ்கோப்புல பாத்துச் சொன்னாரே அதே படிவுதான், அத இந்த ஊசி கரைக்குது. 1,795 பேரு, 18 மாசம், ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ நரம்பு வழியா ஏத்துறது. நோய் முத்துற வேகம் 27 சதவீதம் குறைஞ்சிச்சுன்னு போட்டிருந்தாங்க, அண்ணன் அத சிவப்புல வட்டம் போட்டு அனுப்புனாரு. அதே ஆய்வுல, நோய் எவ்வளவு முத்தியிருக்குன்னு பாக்கிற 18 புள்ளி அளவுகோல்ல, மருந்து ஏத்துனவங்களுக்கும் மருந்தில்லாத ஊசி ஏத்துனவங்களுக்கும் நடுவுல வித்தியாசம் 0.45 புள்ளி. அதுவும் நோய் ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான், மூளையில வீக்கம் ரத்தக்கசிவு வருதான்னு திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுக்கணும். அந்த ஆராய்ச்சிய நான் சின்னதா நினைக்கல, நாளைக்கு எனக்கே அது தேவைப்படலாம், நூறு வருசத்துக்கு மேல பாடுபட்டு இப்பதான் ஒரு கதவு தொறந்திருக்கு. ஆனா எங்கம்மா அந்தக் கட்டத்த தாண்டி எப்பவோ போயிட்டாங்க அண்ணே, அவங்க முட்டிதான் இப்ப நம்ம கைக்கு எட்டுது, அதப் பாப்போம்னு சொன்னேன். ரெண்டு நாள் என்கூட பேசல.

என்ன செஞ்சோம்னு கேட்கிறவங்களுக்கு. டாக்டரப் பாத்து அந்தக் கோபம் அடங்குற மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்துனோம், சட்டுன்னு நிறுத்தக்கூடாதுன்னு சொன்னாரு. முட்டித் தேய்மானத்துக்கு பனடோல் மட்டும் பெருசா கேட்காதுன்னு ஆய்வுகள் சொல்லுது, அதனால மேல தடவுற வலி ஜெல் ஒண்ணு, குளிக்கப் போறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி பனடோல், டாக்டர் எழுதிக் குடுத்த அளவுல. வாய் வழியா போடுற வலி மாத்திரை வேணாம்னுட்டாரு, அம்மாவுக்கு இனிப்பு நீரும் (சர்க்கரை வியாதி) ரத்தக் கொதிப்பும் இருக்கு, கிட்னிக்கு ஆகாது. முக்கியமா தொடைக்குப் பயிற்சி, நாற்காலியில உக்காந்து கால நீட்டி அஞ்சு எண்ணுறது. எண்ணுன்னா அம்மாவுக்குப் புரியாது, "நிரை போடுங்கம்மா"ன்னு சொன்னா ஒண்ணு, ரெண்டுன்னு மரம் எண்ணுற மாதிரி எண்ணுவாங்க, அத பக்கத்து வீட்டு அக்காதான் கண்டுபிடிச்சாங்க. குளிக்கிற நாற்காலிய உயரமானதா மாத்துனேன், கைப்பிடியோட. இதுக்கு ஆன செலவ சொன்னா நம்ப மாட்டீங்க, நாற்காலிதான் இருக்கிறதிலேயே அதிகம், 65 வெள்ளி (ரிங்கிட்).

அப்புறம் அந்தப் பொண்ணு ஒரு கணக்கு சொல்லிக் குடுத்தா. மறதி நோய் உள்ளவங்களோட வலிய பாத்தே அளக்கிறதுக்கு 2003ல அமெரிக்காவுல செஞ்ச அளவுகோல், பெயினாட்னு பேரு. மூச்சு எப்படி இருக்கு, முனகுறாங்களா, முகம் எப்படி, உடம்பு விறைக்குதா, நாம தேத்துனா தேறுறாங்களா, இந்த அஞ்சுக்கும் சைபர்ல இருந்து ரெண்டு வரைக்கும் மார்க்கு, மொத்தம் 10. அம்மாவ கேட்கவே வேணாம், பாத்தா போதும். சாமி படத்துக்குக் கீழ மாட்டியிருக்கிற நாள் காலண்டர்ல குளிக்க வைக்கிற நேரத்து மார்க்க தினமும் எழுதுறேன். முதல் வாரம் 7, 8, 7, 7. ஆறாவது வாரத்துக்கு மேல 3, 4. சில நாள் திரும்ப 6 வரும், மழைக்காலத்துல கூடுதலா வர்ற மாதிரி இருக்கு. எழுதுறதுனாலேயே எனக்கு ஒண்ணு மாறிடுச்சு, அம்மா கைய ஓங்கும்போது முன்னெல்லாம் நான் அவங்க கையப் பாப்பேன், இப்ப முகத்தப் பாக்கிறேன்.

படிக்கும்போது இன்னொரு விசயமும் கண்ணுல பட்டுச்சு. அமெரிக்காவுல 60 வயசுக்கு மேற்பட்ட 10,000 பேருக்கு மேல வருசக்கணக்கா பாத்து 2017ல சொன்னது, ஓயாத வலி இருக்கிறவங்களுக்கு ஞாபகம் குறையுற வேகம் 9.2 சதவீதம் கூடுதலா இருக்கு. வலிதான் மறதியக் கொண்டுவருதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, ரெண்டும் கூடவே வருதுன்னு மட்டும்தான். ஆனா வலியால நடக்காம, வெளிய போகாம, கோயில் கல்யாணம் கருமாதின்னு எதுக்கும் தலைகாட்டாம வீட்டுக்குள்ளேயே உக்காந்துட்டா என்ன ஆகும்னு நமக்கே தெரியும். உடம்ப அசைக்காம இருக்கிறது, தனிமை, சின்ன வயசுல படிப்பு இல்லாதது, காது கேட்காதது, இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இப்படி 14 காரணத்த லான்செட்ங்கிற மருத்துவ இதழோட குழு 2024ல பட்டியல் போட்டிருக்காங்க, அதையெல்லாம் சரி பண்ண முடிஞ்சா உலகத்துல மறதி நோய்ல 45 சதவீதம் வரைக்கும் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். அந்தப் பட்டியல படிச்சப்ப நான் படிச்சது எங்க தோட்டத்துப் பொம்பளைங்களோட வாழ்க்கைய. மூணாவது வரைக்கும் படிச்சாங்க எங்கம்மா, தம்பிய பாத்துக்க நிறுத்திட்டாங்க. நம்ம நாட்டுல 2018ல எடுத்த தேசிய ஆய்வுல 60 வயசுக்கு மேல 8.5 சதவீதம் பேருக்கு மறதி நோய் அறிகுறி இருக்குன்னு வந்துச்சு, படிப்பு இல்லாதவங்ககிட்ட கூடுதலா.

மறதி நோய் இருக்கான்னு கேள்வி கேட்டுப் பாக்கிற சோதனை பத்தியும் ஒரு வார்த்தை. முதல்ல அம்மாவ சோதிச்சப்ப கேள்வியெல்லாம் மலாய்ல. இது என்ன மாசம்னு கேட்டாங்க, அம்மா "மாசி"ன்னாங்க. அன்னைக்கு மாசி பத்தோ பன்னெண்டோ, அம்மா சொன்னது சரி. தாள்ல தப்புன்னு விழுந்துச்சு. நான் பக்கத்துல இருந்தும் வாயத் தொறக்கல. 30 மார்க்குல ஒரு மார்க்கால ஒண்ணும் மாறியிருக்காது, நோய் இருந்தது நிஜம். ஆனா அது அம்மாவோட மார்க்கு, நான் கேட்டு வாங்கியிருக்கணும்.

அண்ணன் போன மாசம் வந்து மூணு நாள் தங்குனாரு. மூணு நாளும் அவருதான் ஜெல் தேய்ச்சாரு. முட்டியச் சுத்தி விரல வட்டமா ஓட்டிக்கிட்டே இருந்தவரு திடீர்னு, "பாப்பா, இது இவ்வளவு வீங்கியிருக்கே, எப்ப இருந்து?"ன்னு கேட்டாரு. எப்ப இருந்துன்னு எனக்கு மட்டும் தெரியுமா. அம்மா அவரு தலைய தடவிக்கிட்டே "தம்பி, இன்னைக்கு வேலைக்குப் போகலையா, கூலி போயிருமே"ன்னாங்க. அதுக்கப்புறம் ஊசி பத்தி அவரு பேச்செடுக்கல.

அடுத்த மாசம் திரும்ப டாக்டர் கிட்ட போகணும், காலண்டரக் கழட்டி எடுத்துட்டுப் போகப் போறேன், மூணு மாசத்து மார்க்கும் அதுல இருக்கு. முட்டிக்குள்ள போடுற ஊசி ஒண்ணு பத்திப் பேசலாம்னு சொல்லியிருக்காரு. நாலு மணிக்கு எந்திரிக்கிறது மட்டும் நிக்கல, வாரத்துல ரெண்டு மூணு நாள் இருக்கு, ஆனா கத்தல் இல்ல. முன்னெல்லாம் தோட்டமே இல்லம்மான்னு வாதாடுவேன், இப்ப மழை பேயுதும்மா இன்னைக்கு வெட்டு இல்லன்னு சொல்லிடுவேன், மரம் நனைஞ்சா பால் வழிஞ்சு வீணாப்போயிரும் அதனால மழைன்னா வெட்டு கிடையாது, அது அவங்களுக்கு நல்லாத் தெரியும், படுத்துக்குவாங்க. நேத்து அப்படிச் சொன்னப்ப கொஞ்ச நேரம் காதக் குடுத்துக் கேட்டாங்க. "எங்க மழை? கூரையில சத்தமே காணோமே அக்கா"ன்னாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல எனக்கு. ஜெல்ல எடுத்து கால்மாட்டுல உக்காந்து முட்டியத் தேய்ச்சு விட்டேன், அஞ்சரை மணி வாக்குல தூங்கிட்டாங்க.